கரடியும் கம்பியும்



சிறு வயதில் நம்மில் பலருக்குக் கரடி முடித் தாயத்து கட்டியிருப்பார்கள். குழந்தை இரவில் திடுக்கிட்டு விழித்து அழுதால், "கரடி முடி கட்டுங்க, பயம் தெளியும்" என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்த பழக்கம் இது. எல்லாரும் கண்டு அஞ்சும் பிராணி கரடி. ஆகையால் அதன் முடியைக் கட்டினால் அச்சமே அஞ்சி ஓடிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் உயிருள்ள கரடியைக் காட்டில் நேருக்கு நேர் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாங்கள் நான்கு பேர் பார்த்தோம். அதைப் பற்றியும், அதிலிருந்து நாங்கள் படித்துக்கொண்ட பாடத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாங்கள் நால்வரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் சிறு நகரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் தோட்ட அலுவலகத்தில் கிராணி. நான்காமவர் இன்னும் செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் இளைஞர். நான்கு பேருக்கும் பொதுவான ஆசை ஒன்று உண்டு. முதுகில் ஒரு பை, கனமான டயர் போட்ட மலைச் சைக்கிள், கையில் இரண்டு மூன்று நாள் விடுமுறை. இவை சேர்ந்தால் போதும், கிளம்பிவிடுவோம்.

2023-ஆம் ஆண்டு தேசிய தினத்தையொட்டி வந்த விடுமுறையில் கோலக் குபு பாருவிலிருந்து புறப்பட்டோம். அங்கிருந்து பிரேசர் மலைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஏரிபோல் தேங்கி நிற்கும் சிலாங்கூர் அணையின் ஓரமாகச் சாலை ஏறத் தொடங்குகிறது. கேப் என்னும் கணவாயை அடைந்ததும், அங்கிருந்து 8 கிலோமீட்டர் பழைய மலைச்சாலை. மிகவும் குறுகலான சாலை அது. அதனால்தான் முன்பெல்லாம் ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நேரம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். மேலே, கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், குளிரில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் திராணும் வழியாக ரவூப் பக்கம் இறங்கினோம். அந்தப் பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் எல்லையில் அடர்ந்த காடு. சைக்கிள் கடைக்காரரின் பெரியப்பா அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, ஓடைக்கரையில் கூடாரம் அடித்தோம்.

இரவு சோறும் சார்டினும் சமைத்தோம். தின்று முடித்ததும் பாத்திரங்களை நன்றாகக் கழுவி, மீதி உணவை இறுக மூடி, கூடாரத்துக்கு எட்ட வைத்தோம். காட்டோரத்தில் தங்குபவர்கள் மறக்கக் கூடாத காரியம் இது. கரடியின் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. மனிதன் சாப்பாட்டைக் காட்டில் சிதறிவிட்டு வந்தால், அந்த ருசியைத் தேடி அது மனிதன் இருக்கும் இடத்துக்கே வரப் பழகிவிடும்.

விடிந்தது. இரவில் பெய்த மழையால் தோட்டத்து எல்லைச் சாலை ஈரமாக இருந்தது. சரிவான செம்மண் பாதை. ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் காடு. சைக்கிள் கடைக்காரர் முன்னால் விட்டார். ஈர மண்ணில் டயர் ஓடும் சத்தமே கேட்கவில்லை. பேச்சும் இல்லை, மணியும் இல்லை, காற்று முகத்தில் அடிக்கும் சுகம் மட்டுமே இருந்தது. பாதை இடப்பக்கமாக வளைந்தது. அந்த வளைவைத் திரும்பினதும் அவர் இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தார். சைக்கிள் வழுக்கிக்கொண்டு போய்ச் சாய, அவர் கீழே விழுந்தார்.

அவருக்கு எதிரே, பத்து அடி தூரம்கூட இல்லாத இடத்தில், ஒரு கரடி.

மக்கிப்போன மரம் ஒன்றைப் பிளந்து எதையோ தின்றுகொண்டிருந்தது போலும். சட்டென்று பின்னங்கால்களில் எழுந்து நின்றது. கறுத்த உடம்பு, நெஞ்சில் பிறை போன்ற மஞ்சள் அடையாளம். நாய் குரைப்பது போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு கனத்த சத்தம் ஒன்று அதன் தொண்டையிலிருந்து வந்தது. பின்னால் வந்த எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. இளைஞர் திரும்பி ஓடப் பார்த்தார். ஆசிரியைதான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஓடாத தம்பி, ஓடாத. அண்ணே, மெதுவா எந்திரிங்க. சைக்கிள முன்னால வெச்சுக்குங்க. முதுக காட்டாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

கீழே விழுந்தவர் முழங்காலில் இரத்தம் வழிய எழுந்தார். சைக்கிளைத் தமக்கும் கரடிக்கும் நடுவே வேலிபோல் பிடித்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னால் நகர்ந்தார். நாங்களும் ஒன்றாகச் சேர்ந்து, மெல்லப் பேசிக்கொண்டே பின்வாங்கினோம். கரடி எங்களையே பார்த்தது. பிறகு முன்னங்கால்களை ஊன்றியது. அப்போதுதான் கவனித்தோம். ஊன்றியது ஒரு கால்தான். இடது முன்னங்காலில் பாதமே இல்லை. மூன்று காலால் நொண்டி நொண்டிக் காட்டுக்குள் போயிற்று. அது போனதும், பக்கத்து மரத்தில் நாங்கள் பார்க்காமல் விட்ட சிறு குட்டி ஒன்று பின்பக்கமாகச் சறுக்கி இறங்கி, தாயின் பின்னால் ஓடி மறைந்தது.

நேயர்களே, அந்தக் கரடி ஏன் எழுந்து நின்றது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களைத் தாக்க அது வரவில்லை. குட்டியை மரத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இரை தேடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் ஏதோ ஒன்று அவள் முன்னால் வந்து விழுந்தது. அவளுடைய இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்?

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள ஆபத்தே இதுதான். நடந்து போகிறவன் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கரடி முன்கூட்டியே விலகிவிடும். சைக்கிளோ வேகமாகவும் வரும், ஓசையில்லாமலும் வரும். கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்காவில் ஒரு மலைப்பாதையை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பாதையில் சைக்கிளில் போகிறவர்கள் குறைவு. ஆனால் பழுப்புக் கரடியைத் திடீரென்று எதிர்கொள்ள நேர்ந்ததில் அவர்களுடைய பங்கு மிக அதிகம். வேகமும் மௌனமுமே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் 2016 ஜூன் மாதம், காட்டு இலாகா அதிகாரி ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்து, வளைவு ஒன்றில் பழுப்புக் கரடியின் மேலேயே மோதி உயிரிழந்தார். கரடியைக் கண்ட பிறகு நிறுத்த அவருக்குக் கிடைத்தது ஓரிரு விநாடிதான் என்று விசாரணையில் தெரியவந்தது. காட்டை நன்கு அறிந்தவருக்கே அந்தக் கதி.

நம் நாட்டுக் கரடி அந்தப் பழுப்புக் கரடியைப் போன்ற பெரிய உருவம் அன்று. உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளில் மிகச் சிறியது இதுதான். எடை சுமார் 30 முதல் 65 கிலோ வரை. நெஞ்சில் உதய சூரியனைப் போல் மஞ்சள் அடையாளம் இருப்பதால் சூரியக் கரடி என்றும், தேன் என்றால் உயிர் என்பதால் தேன் கரடி என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் 'புருவாங்' என்பார்கள். சாண் நீளத்துக்கும் மேலே நீளக்கூடிய நாக்கும், கொக்கிபோல் வளைந்த நகங்களும் இதற்கு உண்டு. நகத்தால் மரத்தைப் பிளந்து, நாக்கை உள்ளே விட்டு, கொசுத் தேனீயின் கூட்டிலிருந்து தேனையும், கறையானையும், வண்டுப் புழுக்களையும் எடுத்துத் தின்னும். மற்ற நாளில் அத்தியும் காட்டுப் பழங்களும் ஆகாரம். அப்படித் தின்ற பழங்களின் விதைகளைக் காடெங்கும் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். நாம் செம்பனை கன்று நடுகிறோம். காட்டு மரங்களுக்குக் கன்று நடும் ஆட்களில் கரடியும் ஒன்று.

பனி நாட்டுக் கரடிகள் குளிர்காலம் முழுவதும் குகையில் தூங்கும். நம் காட்டில் ஆண்டு முழுவதும் இரை கிடைப்பதால், இது அப்படித் தூங்குவதில்லை. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். அந்த ஒரு குட்டியையும் தாய் இரண்டு ஆண்டு வரை கூடவே வைத்துக் காக்கும். சின்னக் கரடிதானே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. திடுக்கிட்டால், குட்டி பக்கத்தில் இருந்தால், அது கடுமையாகத் தாக்கக்கூடியது. தாடை வலிமை மிகுந்தது. நகமோ கத்தி போன்றது.

இனி அந்த இடது பாதத்தின் கதைக்கு வருவோம்.

கரடி போய்ச் சேரட்டும் என்று வெகு நேரம் வளைவுக்கு இந்தப் பக்கமே காத்திருந்தோம். பிறகு சத்தமாகப் பேசிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, காட்டு மிருகங்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடம் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் இளமரம் ஒன்றில் ஏதோ கட்டியிருப்பதைக் கிராணி பார்த்தார். கிட்டப் போனோம். சுருக்குக் கம்பி.

சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்தார். கம்பியின் ஒரு நுனியில் சிறு ஈயக் குமிழ் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது சைக்கிள் பிரேக் கம்பி" என்றார். பிரேக் பிடியில் மாட்டுவதற்காக நுனியில் அந்தக் குமிழ் இருக்கும். கடையில் கழற்றிப் போடும் பழைய கம்பிகளை யாராவது வந்து கேட்டால், காசு வாங்காமல் கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். கொடி கட்டவோ வேலி கட்டவோ என்று நினைத்துக்கொள்வார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று காலையில் அவர் உயிரைக் காப்பாற்றியது அவருடைய சைக்கிளின் பிரேக் கம்பி. அந்தத் தாயின் பாதத்தை எடுத்ததும் அதே மாதிரிக் கம்பிதான். அவர் வெகு தூரம் பேசாமலேயே வந்தார்.

கம்பி இருந்த இடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பகல் சாப்பாட்டுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, எல்லாரையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். நடந்ததை எல்லாம் சொன்னோம். படத்தை வாங்கிப் பார்த்த பெரியப்பா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இது நான் வெச்சதில்ல. நான் விட்டு ரொம்ப வருஷமாச்சு. ஆனா நானும் வெச்சிருக்கேன்ப்பா. பன்னிக்குத்தான் வெச்சோம். கரடிக்குன்னு யாரு வெக்கிறா?" என்றார்.

"அது நமக்குத் தெரியும் பெரியப்பா. கம்பிக்குத் தெரியாதே" என்றார் ஆசிரியை.

அவர் சொன்னதை நாம் தள்ளிவிட முடியாது. காட்டுப்பன்றியின் தொல்லை உண்மையானது. புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்தை ஓர் இரவில் தோண்டித் தின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளியை மிச்சம் வைக்காது. கூலி குறைவாக இருந்த காலத்தில், ஒரு பன்றி விழுந்தால் நான்கு வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். இதையெல்லாம் நாங்களும் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆகவே யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் இங்கு வரவில்லை. கம்பி என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்ல வந்தோம்.

சுருக்குக் கம்பிக்குப் பன்றிக்கால் எது, கரடிக்கால் எது என்ற பேதம் கிடையாது. காலை உள்ளே வைத்த பிராணி இழுக்கும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். இறுகிய இடத்துக்குக் கீழே இரத்த ஓட்டம் நின்றுபோகும். நாட்கணக்கில் துடித்துச் சாவது ஒன்று. கம்பியை அறுத்துக்கொண்டு தப்பி, கால் அழுகி விழ உயிர் வாழ்வது மற்றொன்று. வைத்தவர் மறந்துவிட்டாலும் கம்பி மறப்பதில்லை; துருப்பிடித்து அற்றுப்போகும் வரை அங்கேயே காத்திருக்கும். மானும் அதில் விழும், புலியும் விழும். தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. அந்த நிலைமைக்குக் கம்பிக் கண்ணியும் ஒரு பெரிய காரணம். நம் வீட்டு நாயும் விழும். பெரியப்பா கம்பி வைப்பதை விட்டதற்குக் காரணமே அதுதான். தாம் வைத்த கண்ணியில் தாம் வளர்த்த நாயே செத்துக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவர் கம்பியைத் தொடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சூரியக் கரடியை முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணியாக வைத்திருக்கிறது. கொல்லக் கூடாது; குட்டியைப் பிடித்து வளர்க்கவும் கூடாது. சுருக்குக் கம்பி வைத்து வேட்டையாடுவதும் அதே சட்டத்தின்படி குற்றம். 2022-ஆம் ஆண்டில் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. கரடியின் பித்தப்பை மருந்து என்றும், நகம் அதிர்ஷ்டம் என்றும் சொல்லி விலை பேசுகிறவர்கள் சில வேளை தோட்டத்துக்கு வருவதுண்டு. அவர்கள் பேச்சுக்கு இடம் கொடுத்தால், சிறைக்குப் போவது அவர்களல்ல, நம் பிள்ளைகள்தான்.

சபாவில், செப்பிலோக் என்னும் இடத்தில் சூரியக் கரடிகளுக்கென்றே ஒரு பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. வோங் சியூ தே என்னும் மலேசிய ஆராய்ச்சியாளர் 2008-ஆம் ஆண்டில் அதை நிறுவினார். தாயை இழந்த குட்டிகளையும், கூண்டில் அடைத்து வளர்க்கப்பட்ட கரடிகளையும் அங்கே கொண்டுவந்து பராமரித்து, இயன்றவற்றை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். காட்டு வாழ்க்கையை ஒரு குட்டிக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க மனிதர்களுக்குப் பல ஆண்டு பிடிக்கிறது. தாய் உயிரோடு இருந்தால் அவளே அதைச் செய்துவிடுவாள்.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி? இளங்கன்றின் அடியைச் சுற்றிக் கம்பி வலையோ தகரமோ வளைத்துக் கட்டினால் பன்றியும் முள்ளம்பன்றியும் குருத்தை நெருங்குவது கடினம். பல தோட்டங்களில் செய்கிற வேலைதான். வீட்டுத் தோட்டத்துக்கும் பழைய தகரத்தால் தாழ்வாக வேலி அடைக்கலாம். தொல்லை மிஞ்சினால், பெர்ஹிலித்தான் என்று நாம் சொல்லும் வனவிலங்கு இலாகாவிடம் நிர்வாகத்தின் மூலமாகவோ நேராகவோ முறையிடலாம்.

காட்டோரத்தில் வேலை செய்யும் நேயர்களுக்கும், அந்தப் பக்கம் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள்.

முதலாவது, சத்தம் செய்துகொண்டு போங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு போகலாம். சைக்கிளில் போகிறவர்கள் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து மணி அடிக்க வேண்டும்.

இரண்டாவது, கரடியைக் கண்டால் ஓடக் கூடாது. மரத்தில் ஏறுவதும் பயன் தராது. அது நம்மைவிட நன்றாக ஏறும். முதுகைக் காட்டாமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போவதற்கு வழி விடுங்கள். மேலே பாய்ந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் காத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குட்டி தனியாகத் தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

நான்காவது, கம்பிக் கண்ணியைக் கண்டால் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்துக்கும் வனவிலங்கு இலாகாவுக்கும் சொல்லுங்கள். அதில் பிராணி உயிரோடு சிக்கியிருந்தால் நீங்களாக அவிழ்க்கப் போக வேண்டாம்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதிகாரிகள் வந்தபோது, அவர்களுக்கு வழிகாட்டியாகப் பெரியப்பாவே முன்னால் நடந்தார். மிருகங்களின் தடம் எது, கம்பி வைப்பவன் எந்த மரத்தைத் தேடுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் கம்பியோடு சேர்த்து ஏழு கம்பிகள் அன்று காட்டை விட்டு வெளியே வந்தன. எல்லாம் எடுத்து முடிந்ததும், "இன்னும் மேல ஓடைப் பக்கம் பாக்கணும் சார்" என்று அவர்தான் சொன்னாராம்.

எங்கள் சைக்கிள் கடைக்காரர் இப்போது பழைய பிரேக் கம்பியைச் சும்மா கொடுப்பதில்லை. சாண் அளவாக வெட்டி, பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் போட்டுவிடுகிறார். யாராவது முழுக் கம்பியாகக் கேட்டால், "எதுக்குங்க?" என்று கேட்கிறார். பிறகு முழங்கால் தழும்பைக் காட்டி, மூன்று கால் கரடியின் கதையைச் சொல்கிறார். கேட்டவர்கள் சிலர் கம்பி வாங்காமலேயே போயிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும், சைக்கிள் கொட்டகையிலும் பழைய கம்பிகள் கிடக்கலாம். உங்கள் பெரியவர்களுக்குக் காட்டில் கம்பி வைத்த இடங்கள் நினைவிருக்கலாம். இன்றிரவு சாப்பிடும்போது அவர்களை மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.